கொஞ்சம்னா எம்புட்டு?

'கொஞ்சம்' என்ற சொல்லை அந்த டீச்சர் முன்னால் சொல்லிவிட்டுத் தப்பித்தவர்கள் யாருமில்லை. கொஞ்சம் தலைவலி என்றால் எம்புட்டு என்று கேட்பார். கொஞ்ச தூரம் என்றாலும் அதே கேள்விதான். செத்த நேரத்தில் வருகிறேன் என்று போனில் சொன்ன ஒரு மாணவியை, செத்த நேரம் என்பது எத்தனை நிமிஷம் என்று முடிவாகும்வரை போனை வைக்க விடவில்லை. ஏழு நிமிஷம் என்று முடிவானது. அவள் பதினோராவது நிமிஷம் வந்து சேர்ந்து, மிச்ச நாலு நிமிஷத்துக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இதெல்லாம் நடந்து எட்டு ஒன்பது வருஷம் இருக்கும். இப்படி எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எட்டு வருஷம், ஐந்து மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு மாவு மில்லின் மாடியில், வேலைக்குப் போகிறவர்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு, எனக்கு முப்பத்து நாலு. நான் ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இன்னமும் அங்கேதான் இருக்கிறேன். நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். பெயரை எழுதப் போவதில்லை. அவரிடம் ஒரே ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னேன், தெரிந்தே சொன்னேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று முதலில் தெரிந்தால்தான் நான் செய்தது என்ன என்று விளங்கும்.

உட்காரவே மாட்டார். வகுப்பில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு, அதில் அவருடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். கீழே மில் ஓட ஓட மாடித் தரை நடுங்கும். அந்த நடுக்கத்திலேயே சுவருக்குச் சுவர் நடந்துகொண்டு பாடம் நடத்துவார். அந்த அறை பதினாலரை அடி நீளம் என்பது இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஏனென்றால் முதல் நாள் பாடமே, கைப்பையிலிருந்து தையல்கார டேப்பை எடுத்துப் போட்டு எங்களை அளக்கச் சொன்னதுதான். ஜன்னல், கதவு, பெஞ்சு, ஒருத்தர் தோள், இன்னொருத்தர் முழங்கை என்று எல்லாவற்றையும் அளந்து, அளந்ததை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் விட மாட்டார். "பதினாலரை என்னது? அடியா, ஆடா? யூனிட்டைச் சொல்லுங்க" என்பார்.

அடுத்த வகுப்புக்கு மில்லுக்கே கூட்டிக்கொண்டு போனார். மாவு அரைக்க வந்தவர்களின் பைகளைத் தராசில் வைத்து எடையை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஒரு அம்மாவின் மிளகாய் வத்தல் பையைச் சுற்றி நின்றுகொண்டு, தும்மலுக்கு நடுவே ஆறு பேர் டூ பாயிண்ட் செவன் ஃபைவ் கிலோகிராம்ஸ் என்று மாறி மாறிச் சொன்னோம். அந்த அம்மா பையைப் பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டு, நாங்கள் எந்த ஆபீஸிலிருந்து வருகிறோம் என்று மில்காரரிடம் விசாரித்தார்.

எங்கள் கூட்டமும் லேசுப்பட்டதில்லை. வெளிநாடு போகும் ஆசையில் நர்ஸுகள் மூன்று பேர். பேண்டேஜ் துணிக் கம்பெனி சூப்பர்வைசர் ஒருத்தி. கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜ் பஸ் ஓட்டுகிற அண்ணன் ஒருவர். அந்த அண்ணன் ஒன்பதே முக்கால் மணியை நைன் த்ரீ ஃபோர்த் என்றுதான் சொல்வார். குவார்ட்டர் டு டென் என்று பத்து முறை சொல்லச் சொன்ன பிறகு, பத்து மணியே ஆகவில்லை, அதற்குள் பத்தை எதற்கு இழுக்க வேண்டும் என்று சண்டைக்கு வந்தார். டீச்சர் நடையை நிறுத்தி ஒரு நிமிஷம் யோசித்தார். அவர்கள் வரப்போகிற மணியைப் பார்த்துச் சொல்கிறார்கள், நாம் கடந்து வந்த மணியைப் பிடித்துக்கொண்டு சொல்கிறோம் என்றார். அண்ணன் சமாதானமாகிவிட்டார். எனக்குத்தான் அது என்னவோ போல இருந்தது.

ஃபிஃப்டீனுக்கும் ஃபிஃப்டிக்கும் அவர் வைத்திருந்த பாடம் பெரிய பாடம். டீன் என்று முடிந்தால் கையை முன்னால் நீட்ட வேண்டும், டி என்று முடிந்தால் மேஜையில் ஒரு வெட்டு வெட்ட வேண்டும். பன்னிரண்டு பேர் சேர்ந்து வெட்டும்போது மில்காரர் கீழேயிருந்து கம்பால் கூரையைத் தட்டுவார். அதுவும் போதாதென்று, எந்த எண்ணைச் சொன்னாலும் பின்னாலேயே உதிர்த்தும் சொல்ல வேண்டும். ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ். ஃபிஃப்டி, ஃபைவ் ஜீரோ. "நீங்க ஊசி போடுதவங்கக்கா. கேக்கவங்க காதை நம்பாதீங்க" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். இன்றைக்கும் டாக்டரிடம் போனில் மருந்தளவைத் திருப்பிச் சொல்லும்போது நான் அப்படித்தான் சொல்கிறேன். எங்கள் வார்டில் புதிதாக வருகிற பெண்களும் என்னைப் பார்த்து அப்படியே சொல்கிறார்கள்.

அவர் வீட்டில் தெலுங்கு. ராஜபாளையத்திலிருந்து அவர் வகுப்புக்கு வருகிற பஸ்ஸில்தான் நான் டியூட்டி முடிந்து வீடு திரும்புவேன். எனக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். என்ன என்று கேட்டேன். பாதையில் வேகத்தடை எத்தனை என்று எண்ணுவதாகவும், எத்தனை இங்கிலீஷ் படித்தாலும் மனசு தெலுங்கில்தான் எண்ணுகிறது என்றும் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரொம்ப என்றால் எவ்வளவு என்று இப்போதும் காதில் கேட்கிறது.

எல்லாரும் அவரைச் சகித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பேண்டேஜ் கம்பெனி சூப்பர்வைசரின் அப்பா இறந்தபோது வகுப்பே துஷ்டிக்குப் போனது. ரொம்ப நாளாகவே படுக்கையில் இருந்தார் என்று யாரோ சொல்ல, எத்தனை நாள் என்று டீச்சர் கேட்டுவிட்டார். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் அந்த மகள் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானூத்திப் பன்னெண்டு நாள் டீச்சர், நான்தான் பாத்தேன்" என்றாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானூற்றுப் பன்னிரண்டு என்று திரும்பச் சொன்னார். அதன் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

நான் வகுப்பில் சேர்ந்தது அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்காக. என்னைவிட என் வீட்டுக்காரருக்குத்தான் அந்த ஆசை. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, ஸ்பின்னிங் மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கிறார். நான் முதலில் போய் நிலைத்துவிட்டால் இரண்டு வருஷத்தில் அவரும் மகளும் வந்துவிடலாம் என்பது அவர் போட்ட திட்டம். அப்போது மகளுக்கு ஏழு வயது. பரீட்சையில் தேறினேன், கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசிய நேர்காணலிலும் தேறினேன். ஒரு வியாழக்கிழமை, அன்றைய தேதி போட்டு, வேலைக்கான கடிதம் மெயிலில் வந்தது. கடிதத் தேதியிலிருந்து ஒரு ஃபோர்ட்நைட்டுக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரர் தெரு முழுக்கப் பால்கோவா கொடுத்தார்.

மறுநாள் பஸ்ஸில் டீச்சரிடம் கடிதத்தை பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். கம்பியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கிப் படித்தார். பஸ் குலுங்கியதில் என் மேலேயே விழுந்து எழுந்தார். ஃபோர்ட்நைட் என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். அவர் ஏற்கனவே வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான், நோட்டிலும் இருக்கிறது, இருந்தாலும் கேட்டேன். "பதினஞ்சு நாள்க்கா. ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்" என்றார். இன்றைக்கு ஒன்று என்று வைத்து விரலை மடக்கி, அடுத்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை கெடு என்று கணக்குச் சொன்னார். காது கேட்டதில் பிழை வர வழியே இல்லை.

ஒரு பட்டனைத் தட்டிச் சம்மதம் என்று அனுப்ப ஒரு நிமிஷம் போதும். எனக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. காலையில் போக வேண்டும் என்று இருக்கும். மத்தியானம் மகள் சாப்பிட்டிருப்பாளா என்று நினைத்தவுடன் போகக்கூடாது என்று இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்து, எதற்கு எழுந்தேன் என்று மறந்து நிற்பேன். நர்ஸுக்கு நிற்கவே நேரம் இருக்காது, நான் வார்டில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் தினமும் அனுப்பிவிட்டாயா என்பார். கெடு இருக்கிறது, கடிதத்தை டீச்சரிடம் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்வேன். போக இஷ்டமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போக இஷ்டமில்லை என்பதும் முழு உண்மை இல்லை.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்ட ஒரு பெரியவரை வீட்டுக்கு அனுப்புகிறோம். ஃபோர்ட்நைட் கழித்து மறுபடி காட்ட வேண்டும் என்று சின்ன டாக்டர் சொன்னார். நான் பதினைந்து நாள் எண்ணி, புதன்கிழமைத் தேதியைச் சீட்டில் எழுதினேன். டாக்டர் அதை அடித்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை சிஸ்டர். ஃபோர்ட்நைட்னா ரெண்டு வாரம். அதே கிழமைதான் வரும்" என்றார். வார்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை, பழக்கம். பதினொன்றே முக்கால்.

வியாழக்கிழமை வந்த கடிதத்துக்கு வியாழக்கிழமைதான் கெடு. வெள்ளிக்கிழமை இல்லை. அது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. புதன்கிழமை முழுக்கத் தெரிந்திருந்தது. வியாழக்கிழமை காலையில் மகளுக்குத் தலை பின்னும்போதும் தெரிந்திருந்தது. அன்று பஸ்ஸில் டீச்சர் என் பக்கத்தில் நின்றுகொண்டு, நாளைக்குத்தான் கடைசி, அனுப்பிவிடுங்கள் என்று ஞாபகப்படுத்தினார். சரி டீச்சர் என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க, பட்டனைத் தட்டினேன். சாயங்காலம் பதில் வந்தது. கெடு நேற்றோடு முடிந்தது, வருந்துகிறோம்.

வீட்டுக்காரர் அந்தப் பதிலை மூன்று முறை படிக்கச் சொன்னார். பிறகு, "ஏட்டி, பதினஞ்சுன்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். டீச்சர் என்றேன்.

மறுநாள் வீட்டுக்காரர் என்னையும் இழுத்துக்கொண்டு மாடி ஏறினார். வகுப்பு முழுக்க இருந்தது. கூப்பாடு போடவில்லை, அதுதான் மோசம். கடிதத்தை மேஜையில் வைத்து, பட்டாளத்தில் தேதி தப்பினால் என்ன ஆகும் தெரியுமா என்று மட்டும் கேட்டார். டீச்சர் கடிதத்தைப் பார்த்தார், சுவரில் இருந்த மாதக் காலண்டரைப் பார்த்தார். அதன் பக்கத்தில் போய் விரலை வைத்து, எங்களை மறந்து தெலுங்கில் எண்ண ஆரம்பித்தார். பதமூடு, பத்னாலுகு என்று பதினாலு வந்ததும் விரல் வியாழக்கிழமையில் நின்றது. இன்னொரு முறை எண்ணினார். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம ஊர்ல தையல்காரர் எட்டு நாள் கழிச்சு வாங்கன்னா, நாம அடுத்த வாரம் அதே கிழமைதான போறோம். எட்டுன்னு சொல்லுதோம், போறது ஏழுதான். இன்னைக்கும் சேத்து எண்ணுதோம். பதினஞ்சு நாளும் அப்படித்தான். நம்ம ஆளுக மாதிரி எண்ணியிருந்தா வியாழக்கிழமைதான் வந்திருக்கும். நான் படிச்சவ மாதிரி எண்ணிட்டேன்" என்றார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தப்பு என்னோடதுண்ணே. முழுசும் என்னோடது" என்றார். முழுசும் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஒரு கடிதத்தோடு வந்தார். அயர்லாந்து ஆஸ்பத்திரிக்கு அவரே எழுதப் போகிறார். தவறு நர்ஸுடையது அல்ல, தவறாகக் கற்றுக்கொடுத்தவள் நான், அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு இடத்தில் கோடு போட்டு வெறுமையாக விட்டிருந்தார். அதை நிரப்புவதற்காக என்னிடம் கேட்டார்.

"ஃபோர்ட்நைட்னா பதினாலுதான்னு ஒங்களுக்கு எத்தனாவது நாள் தெரிஞ்சிச்சுக்கா?"

பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியது. முன்சீட்டில் ஒரு குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஃபிஃப்டீன்" என்றேன். "ஒன் ஃபைவ்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். அவர் நின்றபடி, குலுங்குகிற பஸ்ஸில், கோட்டின் மேல் பதினைந்து என்று எழுதிக்கொண்டார். என் பொய் அவருடைய கையெழுத்தில் கடல் தாண்டிப் போனது. பத்து நாளில் மரியாதையான பதில் வந்தது. இடம் நிரம்பிவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அவர் வகுப்பு ஆரம்பித்ததிலிருந்து படித்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். அத்தனை பேர் நோட்டிலும் ஃபோர்ட்நைட் பதினைந்து நாள் என்று இருக்கிறது. அதைத் திருத்தாமல் புதுப் பாடம் நடத்தக்கூடாது என்று முடிவு செய்து, வகுப்பை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகத் தேடிக் கிளம்பினார். வன்னியம்பட்டியில் ஒருவரைத் தேடி வீட்டுக்குப் போய், வயலில் இருக்கிறார் என்றதும் வரப்பில் நடந்து போயிருக்கிறார். அந்த மனிதர் நோட்டை எப்போதோ அடுப்பெரிக்கப் போட்டுவிட்டார். டீச்சர் அவர் உள்ளங்கையில் பேனாவால் பதினாலு என்று எழுதிவிட்டு வந்தார். காலேஜ் பஸ் அண்ணனை, பிள்ளைகள் ஏறிக்கொண்டிருக்கும்போதே படியில் நிறுத்தித் திருத்தினார். காஷ்மீரில் இருந்த ஒரு சிப்பாயிடம், திருத்திய பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி ஒரு வாரம் நச்சரித்தார். ஊரில் சிரித்தார்கள். ஒரு நாளுக்காக இந்தப் பாடா என்று என்னிடமே கேட்டார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கடைசி நோட்டு என்னுடையது. ஏழு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்கே வந்தார். முகம் கறுத்து, செருப்பு தேய்ந்து போயிருந்தது. நோட்டை முன்கூட்டியே கொண்டுவரச் சொல்லியிருந்தார். பக்கத்தைப் புரட்டி, பதினைந்தை ஒரே கோட்டில் அடித்து, மேலே பதினாலு என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டார். எனக்கு நாக்கு நுனியில் அந்த எண் இருந்தது. சொன்னால் வீட்டுக்காரருக்குப் போகும், தெருவுக்குப் போகும், மகள் பெரியவளான பிறகு அவளுக்கும் போகும். டீச்சருக்குப் போவது ஒன்றுதான் வேண்டியிருந்தது, அதை மட்டும் தனியாகச் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, மாடியைக் காலி செய்துவிட்டேன் என்றார். அவர் அப்பன் ஆத்தாள் வயதில் இருந்தவர்களெல்லாம் அவர் வகுப்பில் படித்த மாடி அது. பேனாவை மூடினார். மூடிய பேனாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"போக முடியலையேன்னு வருத்தமா இருக்காக்கா?"

"கொஞ்சம்" என்றேன்.

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. எம்புட்டு என்று கேட்பார், கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நின்றேன். உண்மையாகவே நின்றேன். அவர் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். அப்புறம் வராண்டாவில் நோயாளிகளோடு வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "சரிக்கா, வாரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துபோனார்.

எம்புட்டு என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

ட்வெல்வ், டீச்சர். ஒன் டூ. செவ்வாய்க்கிழமை, குவார்ட்டர் டு ட்வெல்வ்.